முதல் செலவு பழுதுபார்ப்புக்கு

கெய்ரோ பழைய நகரத்தின் தெற்கு வாசலான பாப் ஸுவைலாவுக்குள் நுழைந்ததும், சுல்தான் முஅய்யத் ஷெய்க் பள்ளிவாசலுக்கு எதிரே, தெருவை நோக்கி வளைந்து புடைத்த முகப்போடு ஒரு சிறு கட்டடம் நிற்கிறது. முகப்பில் உலோகக் கிராதி போட்ட மூன்று பெரிய சன்னல்கள். மாடியில் மர வளைவுகள். அவற்றுக்கு மேலே தெருவுக்கு நிழல் கொடுக்கும் மர இறவானம். நஃபீசா அல்-பைதா என்ற பெண்மணி 1796-இல் கட்டி வக்ஃபு செய்த, அதாவது விற்க முடியாத அறச்சொத்தாக எழுதி வைத்த, சபீல்-குத்தாப் இது. கீழே தண்ணீர்ப்பந்தல், மேலே பிள்ளைகள் ஓதும் மக்தப். 1990-களில் எகிப்திலுள்ள அமெரிக்க ஆய்வு மையம் இதைப் பொறுப்பாகச் சீரமைத்தது. கல், காரை, மரம் மூன்றிலும் நல்ல வேலை. ஆனாலும் இந்தக் கட்டடத்தைப் பற்றி எப்போது யோசித்தாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. நஃபீசா கட்டியது இது மட்டுமில்லையே? சபீலை ஒட்டி வணிகர் தங்கிச் சரக்கு இறக்கும் ஒரு வக்காலாவும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக இரண்டு ஹம்மாம் குளியலகங்களும் அவருடையவைதாம். அந்த வக்காலாவின் வாடகைதான் இந்தச் சன்னலில் தண்ணீராக வந்தது. சன்னலைச் சீர் செய்தவர்கள் அந்த வாடகையை என்ன செய்தார்கள்?

நஃபீசாவைப் பற்றி ஓரிரு வரி சொல்லத்தான் வேண்டும். அடிமைப் படைவீரர்களாக வந்து எகிப்தில் ஆட்சி செய்த மம்லூக்குகளில் ஒருவரான அமீர் அலீ பே அல்-கபீரின் வீட்டுக்கு அடிமையாக வந்து, விடுதலையாகி, அவர் மறைந்தபின் முராத் பேயை மணந்தவர். 1798-இல் பிரெஞ்சுப் படை கெய்ரோவுக்குள் வந்தபோது கணவர் தெற்கே தப்பிப் போய்விட்டார். நகரத்திலேயே இருந்து நெப்போலியனின் ஆட்களோடு பேசி, பெருந்தண்டம் கட்டி, தன் வீட்டாரையும் மற்ற அமீர்களின் குடும்பப் பெண்களையும் காத்தவர் இவர். 1816-இல் மறைந்தார். அவர் சொத்துகள் பெரும்பாலும் கைமாறிவிட்டன. வக்ஃபு செய்தது மட்டும் அவர் பெயரில் நிற்கிறது. அந்தக் காலத்து மம்லூக் வீடுகளில் சொத்து எந்த நாளும் பறிபோகலாம் என்ற நிலை. வக்ஃபு அறமாகவும் இருந்தது, காப்பாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்திருந்ததில் நான் குறை காணவில்லை.

தொட்டி கீழே, பள்ளி மேலே

சபீல் என்றால் வழி. அல்லாஹ்வின் பாதையில் கொடுப்பது என்ற பொருளில் அந்தச் சொல் தண்ணீர் கொடுக்கும் இடத்துக்குப் பெயராயிற்று. தர்மங்களில் சிறந்தது எது என்ற கேள்விக்குத் தண்ணீர் என்று நபிகள் சொன்ன ஹதீஸும், 'அவர்களுடைய இறைவன் தூய்மையான பானத்தை அவர்களுக்குப் புகட்டுவான்' என்ற 76-ஆம் அத்தியாயத்தின் 21-ஆம் வசனமும் சபீல் முகப்புகளோடு பிரியாமல் வருபவை. இது எல்லா முஸ்லிம் ஊர்களுக்கும் பொது. கெய்ரோவுக்கே உரியது கட்டடத்தின் உடலமைப்பு. அந்த அமைப்பைத் தீர்மானித்தது அந்த ஊரின் தண்ணீர்.

இஸ்தான்புலில் காட்டு அணைகளிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் நகருக்குள் வந்தது. அங்கே சபீலுக்கு ஒரு குழாயும் ஒரு சன்னலும் போதும். கெய்ரோவில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. நைலோ மேற்கே ஒதுங்கி ஒதுங்கி நகரத்தை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. ஆற்றுநீர் ஏற்றிய பெரிய மேம்பாலக் கால்வாயும் கோட்டைக்குத்தான் போனது, ஊருக்கு வரவில்லை. ஆகவே தோல் பைகளில் ஒட்டகத்தின்மீதும் கழுதையின்மீதும் ஆற்றுநீரைக் கொண்டுவந்து, தரைக்கடியில் சேர்த்து வைத்து, ஆண்டு முழுவதும் கொடுக்க வேண்டியிருந்தது. கெய்ரோ சபீலின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருப்பது இதனால்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி, ஒட்டகம் ஒரு நடைக்கு 200 லிட்டர் சுமக்கிறது என்று வைத்தால், ஒரு தடவை நிரப்ப 500 நடை. நைல் பெருகி, நகரத்தின் ஊடே ஓடிய கலீஜ் கால்வாய் நிறையும்போது தூரம் குறையும், கூலியும் குறையும். வக்ஃபு பத்திரம் எழுதியவர்கள் தொட்டி நிரப்பும் பருவத்தைக் குறித்து வைத்தது சும்மா இல்லை.

தரையடித் தொட்டிக்கு ஸிஹ்ரீஜ் என்று பெயர். செங்கல்லிலோ கல்லிலோ சுவர் எழுப்பி, உள்ளே தூண் நிறுத்தி, மேலே தாழ்வான குவிமாடங்களால் மூடுவார்கள். உட்புறம் சுண்ணாம்போடு செங்கல்தூளும் சாம்பலும் கலந்த பூச்சு. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்பதும் இதே செங்கல்தூள்தான். வெறும் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரிவளியை இழுத்துத்தான் இறுகும், தண்ணீருக்கடியில் இறுகாது. செங்கல்தூளும் சாம்பலும் சேர்ந்தால் ஈரத்திலேயே இறுகும். தண்ணீர் சுமப்பவர் உள்ளே வந்து தரையைச் சேறாக்காமல் தெருவிலிருந்தே கொட்ட ஒரு தனித் திறப்பு இருக்கும். தொட்டியின் வாயில் கரஸா எனப்படும் ஒற்றைப் பளிங்குக்கல் வளையம். அதன் வழியே வாளி இறக்கி மொண்டு மேலே ஒரு சிறு தொட்டியில் ஊற்றுவார்கள். அங்கிருந்து தண்ணீர் சரிவாக நிறுத்திய பளிங்குப் பலகையின்மீது வழியும். ஷாதிர்வான் அல்லது ஸல்ஸபீல் எனப்படும் இந்தப் பலகையில் அலை அலையாகச் செதுக்கியிருப்பார்கள். அழகுக்காக மட்டும் செதுக்கியது என்று நினைத்தால் தவறு. தண்ணீர் மெல்லிய படலமாக உடைந்து காற்றுப்பட்டு ஓடும்போது அடைந்து கிடந்த வாடை போகிறது, கொஞ்சம் ஆவியாகிக் குளிர்கிறது. பிறகுதான் சன்னலடித் தொட்டிக்கு வரும். வழிப்போக்கர் கிராதிக்கு வெளியே நின்று, சங்கிலியில் கட்டிய கிண்ணத்தால் மொண்டு குடிப்பார்.

இதன் தலைமேல் பள்ளிக்கூடத்தை வைத்தது கெய்ரோக்காரர்களின் முடிவு. இஸ்தான்புலில் சபீலும் சிறுவர் பள்ளியும் பெரும்பாலும் தனித்தனிக் கட்டடங்கள். கெய்ரோவில் இன்றும் நிற்கும் சபீல்களில் மூத்தது கலாவூன் வளாகத்து முனையில் அல்-நாசிர் முஹம்மத் 1326-இல் கட்டியது. பள்ளிவாசல் எதையும் ஒட்டாமல் தனியே நின்ற முதல் சபீல்-குத்தாப் சுல்தான் காயித்பே 1479-இல் ஸலீபா தெருவில் கட்டியது. 18-ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புலின் வளைந்த முகப்பு வந்து சேர்ந்தது. 1750-இல் உஸ்மானிய சுல்தான் மஹ்மூதின் சபீல், பத்தாண்டுக்குள் ஸய்யிதா ஸைனப் பள்ளிவாசலுக்கு எதிரே முஸ்தபா III-இன் சபீல். பின்னதின் உட்சுவரில் நெதர்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நீல ஓடுகள். காற்றாலையும் மாட்டுப்பண்ணையும் வரைந்த ஓடுகளுக்கு நடுவே தண்ணீர் தர்மம்! சுல்தான்கள் முகப்பை மாற்றினார்கள், மாடிப் பள்ளியை யாரும் கைவிடவில்லை. 1744-இல் அப்துர் ரஹ்மான் கத்குதா, பழைய நகரத்தின் முதன்மைத் தெருவான முயிஸ் தெரு பிரியும் முனையில், மூன்று பக்கமும் திறந்து, தெருவையே இரண்டாக வகிர்வதுபோல் நிறுத்திய சபீல் இதன் உச்சம் என்பது என் கருத்து. அதற்குள்ளே கஅபாவின் சித்திரம் தீட்டிய ஓடுகள் இருக்கின்றன. மாடியை மரத்தால் கட்டியதிலும் காரணம் இருக்கிறது. கீழே குடைந்த தொட்டி, அதன்மேல் கனமான கல் அறை. அதற்கும் மேலே மறுபடி கல் ஏற்றினால் தொட்டிக் குவிமாடம் தாங்காது. மர வளைவுகள் எடையும் குறைவு, காற்றும் தாராளம்.

பத்திரத்தின் முதல் விதி

வக்ஃபு பத்திரம் என்றால் இறைவன் பெயரால் எழுதிய அழகுத் தாள் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை ஏதாவது ஒரு கெய்ரோ பத்திரத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். முழுக்க முழுக்க வேலைக் குறிப்பு. தண்ணீர் கொடுக்கும் முஸம்மலாத்தி நோயில்லாதவராக, சுத்தக்காரராக, வந்தவரிடம் முகம் சுளிக்காதவராக இருக்க வேண்டும். பகலில் எத்தனை மணிவரை சன்னல் திறந்திருக்க வேண்டும், ரமலானில் நோன்பு திறந்த பிறகு இரவில் எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். வாளி, கயிறு, மண் கூஜா, கிண்ணம், துடைக்கும் பஞ்சு, தொட்டிக்குப் புகை போடச் சாம்பிராணி என்று ஒவ்வொன்றுக்கும் பணம் ஒதுக்கியிருக்கும். மாடியில் ஓதும் அனாதைப் பிள்ளைகளின் எண்ணிக்கை, தினமும் எத்தனை ரொட்டி, கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடுப்பு, ஆசிரியர் முஅத்திபுக்கும் அவருக்கு உதவும் அரீஃபுக்கும் சம்பளம் எல்லாம் அதில் வரும். பிள்ளை பருவம் எய்தினால் இடத்தை அடுத்த பிள்ளைக்கு விட வேண்டும்.

என் மனத்தில் தங்கியது இந்தப் பட்டியல் இல்லை. வருமானத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்ற விதிதான். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபீ சட்டப்படி வக்ஃபு வருவாயின் முதல் செலவு இமாரா, அதாவது கட்டடத்தைப் பழுதுபார்ப்பது. பத்திரம் எழுதியவர் அதைச் சொல்ல மறந்திருந்தாலும் விதி விதிதான். மீதியில்தான் சம்பளம், ரொட்டி, உடுப்பு, வாரிசுக்குள்ள பங்கு. கூரை ஒழுகினால் ஆசிரியர் சம்பளம் நிற்கும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வக்ஃபு வீடு ஒன்றில் குடியிருக்கும் உரிமை ஒருவருக்கு இருக்கிறது, அவர் பழுதுபார்க்க மறுக்கிறார் அல்லது கையில் பணமில்லை என்றால் காஜி (நீதிபதி) என்ன செய்வார்? அவரைக் கடிந்துகொண்டு விட்டுவிட மாட்டார். அந்த வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டு, அந்த வாடகையாலேயே பழுது பார்த்து, வேலை முடிந்தபின் பழையபடி அவரிடமே ஒப்படைப்பார். கட்டடம் தன் வருமானத்தால் தன்னையே செப்பனிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. பாதுகாப்புக் கலை என்ற பெயரில் இன்று நாம் படிப்பதில் மிகக் கடினமான பாடம் தொடர்ந்து பணம் வருவது எப்படி என்பது. அந்தப் பாடத்துக்கான விடை சட்டமாகவே இருந்திருக்கிறது.

இதைச் சுற்றி வேலியும் போட்டிருந்தார்கள். வக்ஃபு வீட்டை ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விடாதே, நிலத்தை மூன்றாண்டுக்கு மேல் விடாதே. பெரும் பதவிக்காரனுக்கு விடாதே, அடியாள் பலம் உள்ளவனுக்கு விடாதே, பாக்கி வைத்து இழுத்தடிப்பவனுக்கு விடாதே. அனுபவத்தில் நொந்தவர்கள் எழுதிய வரிகள் இவை. நம்மூரில் கோயில் நிலமும் வக்ஃபு நிலமும் போன வழியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலி தாண்டப்பட்டதும் உண்மை. பாழடைந்த வக்ஃபு சொத்தைக் காஜியின் அனுமதியோடு வேறு சொத்துக்கு மாற்றிக்கொள்ளும் இஸ்திப்தால் வழி, பயன் தரும் மருந்தாகவே தொடங்கியது. நல்ல சொத்தையே பாழ் என்று சாட்சி சொல்ல வைத்துப் பறிக்கும் கருவியாக மம்லூக் அமீர்கள் அதை ஆக்கினார்கள். ஹிக்ர் எனப்படும் நெடுங்குத்தகை, வாடகையை ஓரிடத்தில் உறைய வைத்தது. விலைவாசி ஏற ஏற அந்த வாடகை ஒன்றுமில்லாமல் போனது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மத் அலீ பாஷா வக்ஃபு விளைநிலங்களை அரசுக் கையில் எடுத்துக்கொண்டார். 1860-களில் கெய்ரோவுக்குக் குழாய்நீர்க் கம்பெனி வந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் கலீஜ் கால்வாயைத் தூர்த்து அதன்மேல் டிராம் ஓடியது. 1952-இல் வருவாய் வாரிசுகளுக்குப் போகும் குடும்ப வக்ஃபுகள் ஒழிக்கப்பட்டன. 1953-இன் சட்டம் அற வக்ஃபுகளை அமைச்சகத்தின்கீழ் கொண்டுவந்து, வருவாயை வேறு நற்காரியத்துக்கு மாற்றும் அதிகாரத்தையும் கொடுத்தது. நெப்போலியன் காலத்தில் ஏறத்தாழ 300 சபீல்கள் இருந்த நகரம் அது. கடைசிச் சட்டத்தோடு, எந்த வாடகை எந்தச் சன்னலுக்கு என்ற முடிச்சு முற்றிலும் அவிழ்ந்துபோனது.

ஓதம்

பணம் நின்றபின் கட்டடத்துக்கு என்ன நேர்ந்தது? கெய்ரோவின் பழைய சுவர்கள் இரண்டு பக்கமும் செதுக்கிய சுண்ணக்கல், நடுவே உடைகல்லும் காரையும் நிரப்பியவை. குழாய்நீர் வந்த பிறகு வடிகாலும் குழாயும் ஒழுகி மண் நனைந்தது. ஓதம் எனப்படும் இந்த ஈரம் சுவரில் ஏறி ஏறி ஆளுயரம் வந்ததும் அங்கே உலரும். தண்ணீர் ஆவியாகும், கூட வந்த உப்பு தங்கும். படிகம் வளரும்போது கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து பிளக்கும். சுவர் பொரிந்து மாவாகக் கொட்டும். சபீலின் தொட்டி இதை இன்னும் மோசமாக்கியது. மொள்ளுவார் இல்லை, கழுவுவார் இல்லை. குப்பை நிரம்பிய தொட்டிக்குள் தெருக் கழிவுநீர் இறங்கி, குடிநீர் வைத்த இடம் சுவருக்கு அடியிலேயே ஒரு சாக்கடைக் குளமாயிற்று. பிறகு 1992 அக்டோபர் 12-இன் பூகம்பம். நடுவில் காரை மாவாகிப் போன சுவர்கள் அதிர்வில் வயிறு தள்ளின.

இதைச் சரிசெய்யும் வரிசையில் பிசகினால் செலவு வீண். முதலில் நீரின் வரவை அடைக்க வேண்டும்: ஒழுகும் குழாய், வடிகால், தொட்டி, கூரைத் தூம்பு. அது முடியாமல் உப்பு எடுக்கத் தொடங்கினால் மண்ணிலுள்ள உப்பை நாமே பம்பு போட்டு மேலே இழுத்ததாக ஆகும். அடுத்தது முந்தைய ஆட்கள் பூசிய சிமெண்டை உளியால் மெதுவாகப் பெயர்ப்பது. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. ஆகவே ஓதம் பூச்சின் மேல்விளிம்பு வரை ஏறி அங்கே உடைக்கும். ஒரு மீட்டரில் நின்றிருக்கும் சேதம் இரண்டு மீட்டருக்குப் போகும். சிமெண்டிலேயே கரையும் உப்பும் உண்டு. பெயர்த்த பிறகு சுவரை உலர விட வேண்டும், ஒரு பருவமாவது. இந்த இடத்தில்தான் திட்டக் காலக்கெடு குறுக்கே வரும்.

உப்பெடுக்கக் காகிதக் கூழையோ களிமண்ணையோ உப்பில்லாத நீரில் குழைத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் அப்புவார்கள். முதலில் கல் நீரைக் குடிக்கும், உப்பு கரையும். பிறகு கூழ் காயும்போது நீர் உப்போடு வெளியே வரும். முழுக்கக் காயுமுன் பெயர்த்தால் உப்பு பாதி வழியில் நின்றுவிடும். பெயர்த்த கூழை நீரில் கரைத்து மின்கடத்துதிறனை அளந்து, அளவு இறங்கி நிலைக்கும்வரை மீண்டும் மீண்டும் அப்ப வேண்டும். புதுக்கல் மாற்றும்போது பழைய கல்லைவிட இறுக்கமான கல்லைத் தேடி வைப்பது தப்பு. ஈரம் புதுக்கல்லில் போக முடியாமல் பக்கத்துப் பழங்கல்லுக்கு ஓடி அதை அரிக்கும். படிவுப் படுகை கிடைமட்டமாக இருக்கும்படி கல்லை வைக்க வேண்டும். படுகையைச் செங்குத்தாக வைத்தால் ஏடு ஏடாக உரியும். காரை கல்லைவிட மென்மையாக இருக்கட்டும்: நீற்றிப் பல வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குக் கழுவிய மணல் மூன்று பங்கு. கெய்ரோ வெயிலில் ஈரச் சாக்குப் போட்டு மூடாவிட்டால் அது இறுகாமல் தூளாகும். சுவரின் உள்வெற்றிடத்தை அடைக்கச் சுண்ணாம்புக் குழம்பைக் கீழிருந்து மேலாக, குறைந்த அழுத்தத்தில் செலுத்துவார்கள். அழுத்தம் கூடினால் முகப்புக்கல் வெளியே தள்ளப்படும். மாடியின் மரவேலையில் கடைசல் துண்டுகளைக் கழுந்தும் துளையுமாகத்தான் கோக்க வேண்டும். பசை போட்டு இறுக்கினால் கோடையில் சுருங்க இடமின்றி மரம் வெடிக்கும்.

நஃபீசாவின் சபீலிலும், தர்ப் கிர்மிஸ் வட்டாரத்தில் எகிப்தியத் தொல்பொருள் துறையும் ஜெர்மன் தொல்லியல் நிறுவனமும் செய்து 1983-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற வேலையிலும் இந்த அறிவு கைகூடியிருக்கிறது. அதைச் செய்தவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. உறுத்தல் அதற்கு அடுத்த நாளைப் பற்றியது. சுண்ணாம்புப் பூச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. கூரைத் தூம்பு ஆண்டுக்கு ஒருமுறையாவது தூர் எடுக்க வேண்டியது. தொட்டிக்குள் ஈரம் ஏறுகிறதா என்று யாராவது இறங்கிப் பார்க்க வேண்டும். இவை எதுவும் பெருந்திட்டச் செலவு இல்லை. இரண்டு கடையின் வாடகை போதும். பெருந்திட்டம் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும். தூம்பு இரண்டே மழையில் அடைத்துக்கொள்ளும்.

'இன்று தெருவில் யார் சன்னலில் தண்ணீர் கேட்கப் போகிறார்கள்' என்பார்கள். நியாயம்தான். சபீலை வேறு வேலைக்கு வைப்பதை நான் எதிர்க்கவில்லை. கெய்ரோவின் நஹ்ஹாஸீன் பகுதியில் முஹம்மத் அலீ தன் மகன் இஸ்மாயீல் நினைவாக 1828-இல் கட்டிய சபீல் இன்று துணி அருங்காட்சியகம். பழந்துணிக்கு ஈரம் ஆகாது. ஆகவே தண்ணீருக்கென்று கட்டிய வீட்டில் ஈரத்தை அன்றாடம் கவனிக்க ஆள் வேண்டும் என்ற கட்டாயம் அங்கே பிறந்துவிட்டது. அந்த வகையில் அது நல்ல ஏற்பாடு. பூட்டிய சபீலைவிடத் திறந்த சபீல் எதுவானாலும் மேல். காற்றோடாத அறையில் உப்பு மறுபடி பூக்கும், முதலில் தெரிவது கதவோரத்தில் வெள்ளைப் பொடி.

நான் கேட்பது சிறிய விஷயம். ஒரு வக்ஃபு கட்டடத்தைச் சீரமைக்கும் திட்டத்தில் கல்லுக்கும் மரத்துக்கும் அளவுப் பட்டியல் போடும்போது பத்திரத்தையும் எடுத்துப் படிக்கட்டும். எந்தக் கடை, எந்த வக்காலா, எந்த மாடி வீடு இந்தச் சன்னலுக்கு எழுதி வைக்கப்பட்டது, அதில் எது இன்னும் நிற்கிறது, வாடகை எங்கே போகிறது என்று ஒரு பக்கம் எழுதட்டும். நஃபீசாவின் வக்காலா சபீலை ஒட்டித்தான் கட்டப்பட்டது. தண்ணீர் ஊற்றும் சன்னலையும் பணம் வரும் வாசலையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வக்ஃபை நிர்வகிக்கும் முத்தவல்லிக்கு நடக்கும் தூரம் சில அடிகள்.